உப்புநீர்க் குப்பியில் ஒரு துளித் தீர்த்தம்

ஆவணி 14, வெள்ளி, இரவு.

மகள் மீனாட்சி நாளைக் காலை பெங்களூர் புறப்படுகிறாள். கடும் உப்பிலும் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து, வேற்றுக் கோள்களில் உயிர் இருக்கக்கூடுமா என்று தேடுவது அவள் பணி. கடற்கரை உப்பளத்தில் எடுத்த நீரை ஒரு குப்பியில் அடைத்து, வெயில் படாத இடமென்று என் பூசையறை அலமாரியில் வைத்திருந்தாள்.

ஊர் கடக்கும் எதற்கும் தாமிரபரணித் தீர்த்தம் தெளித்தே அனுப்புவது எங்கள் வழக்கம். கண்ணாடியின் மேல் தெளித்தால் உள்ளிருக்கும் உயிர்களைச் சேராதே என்றெண்ணி, காலைப் பூசை முடிந்ததும் மூடியைத் திறந்து ஒரு துளி விட்டேன்.

இரவு உணவின்போது அவள் சொன்னாள்: "வெளித்தண்ணி ஒரு சொட்டு பட்டாக்கூட இது எதுக்கும் ஆகாதுப்பா. இத நம்பித்தான் என் வேலையே இருக்கு."

என் மனைவி சிரித்தாள். "ஏட்டி, ஒங்கப்பா அதுக்கும் தீர்த்தம் தெளிக்காம விட்டாவளே, சந்தோசப்படு!"

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உரைத்தால் அவள் பயணம் தடைப்படும். மறைத்தால், ஆற்றுநீரில் வந்த உயிரை உப்பில் பிறந்ததென்று அறிஞர் அவையில் சாதிப்பாள். பொய்யுரைத்த பழி அவளைச் சேரும்.

அவள் பெட்டியை மூடும் ஓசை கேட்கிறது. கதவைத் தட்டப் போகிறேன்.