மறு அளவு

4 மார்ச் 1998, புதன்கிழமை

அன்பு மருமகளுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை. உன் கணவனின் கடைசிக் கடிதம் சென்ற ஆண்டு அக்டோபர் 17 தேதியிட்டது; அதுவும் மூன்றே வரி. தொலைபேசியிலோ பாதிச் சொல் என் காதில் விழுவதில்லை, மீதியை அவன் விழுங்கிவிடுகிறான். ஆகவே உனக்கு எழுதுகிறேன்.

ஒரு செய்தி, சிரிக்காதே. சென்ற ஜூலை 7 முதல் நான் தையல் வகுப்புக்குப் போய் வருகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அலுவலகத்தில் பத்திரங்களைத் தைத்துக் கட்டியவன், துணியைத் தைத்தால் என்ன என்று தோன்றியது. வகுப்பில் நான் ஒருவனே ஆண்; எழுபதைத் தாண்டியவனும் நான் ஒருவனே. ஆசிரியைக்கு உன் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முதல் மாதம் முழுவதும் தலையணை உறை தைக்க வைத்தாள். ஒவ்வொரு தையலையும் நான் அடிக்கோல் வைத்துச் சரிபார்ப்பதைக் கண்டு, "ஐயா, இது தலகாணி, பாலம் இல்ல. தூங்க வர்றவங்க யாரும் ஸ்கேல் எடுத்துட்டு வர மாட்டாங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. இப்போது அதே வகுப்பு என்னைக் 'காலர் மாமா' என்று அழைக்கிறது. காலரின் இரு முனைகளும் ஒன்றுபோல் கூராகத் திரும்ப வேண்டுமென்றால் மிச்சத் துணியை ஒட்ட நறுக்கிவிட்டு, ஊசியால் அல்ல, மழுங்கிய குச்சியால் திருப்ப வேண்டும். இது பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பிடிபட்ட அன்று மகிழ்ச்சியில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

வரும் ஜூன் 22 அன்று அவனுக்கு நாற்பது வயது நிறைகிறது. முழுக்கைச் சட்டை ஒன்று என் கையால் தைத்து அனுப்புவதென்று தீர்மானித்திருக்கிறேன். துணி வாங்கியாயிற்று. வெளிர்சாம்பல் நிறம், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற கோடு. கழுத்துச் சுற்று, மார்பு, தோள், கைநீளம் ஆகிய நான்கு அளவுகள் வேண்டும். அவனை நேராக நிற்க வைத்து நீயே எடுத்து எழுது.

அன்புடன்,
உன் மாமனார்


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாமா,

வணக்கம். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தலையணை வந்த இடத்தில் சிரித்தார். அந்த டீச்சரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறதாம். அலுவலகத்தில் அவருக்கு வேலை அதிகம் மாமா, அதனால்தான் எழுதவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்ட அளவு: கழுத்து பதினாறு, மார்பு நாற்பத்தொன்று, தோள் பதினெட்டரை, கை இருபத்தைந்து. எல்லாம் அங்குலம்.

ராத்திரியில் உட்கார்ந்து தைக்காதீர்கள். கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மருமகள்


25 மார்ச் 1998, புதன்கிழமை

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் 23ஆம் தேதி வந்தது. எந்தச் செவ்வாய் என்பதை அஞ்சல் முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு செவ்வாய்கள் வருகின்றன அம்மா.

அடுத்தது இதைவிடப் பெரிய குற்றம். நீ எழுதியிருப்பது உங்கள் திருமணத்துக்குத் தைத்த உடுப்பின் அளவு. தையற்காரர் குறித்துக் கொடுக்கும்போது நான் அருகில்தான் இருந்தேன். 1989இல் எடுத்த அளவு 1998இல் அரை அங்குலம்கூட மாறாமல் இருக்குமானால் அது உன் சமையலுக்கே அவமானம். அலமாரியில் தொங்குவதை அளந்து அனுப்பினால் அலமாரிக்குத்தான் சட்டை தைக்க முடியும்.

அவனுக்கு நேரமில்லை என்று சொல்லாதே. இரண்டு நிமிட வேலை. சாப்பிடுவதற்கு முன், மெல்லிய பனியன் மேல் எடு.

அன்புடன்,
உன் மாமனார்


8 ஏப்ரல் 1998, புதன்கிழமை

அன்புள்ள மாமா,

பிடிபட்டுவிட்டேன். மன்னித்துவிடுங்கள். இந்தத் தடவை அவர் மேலேயே வைத்து எடுத்தேன்: கழுத்து பதினாலரை, மார்பு முப்பத்தாறு, தோள் பதினேழரை, கை இருபத்தைந்து.

கொஞ்சம் இளைத்திருக்கிறார். இனிப்பை விட்டுவிட்டார், காலையில் நடக்கிறார். இந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்? கவலைப்பட ஒன்றுமில்லை. உங்களைக் கேட்டதாகச் சொன்னார்.

அன்பு மருமகள்


16 ஏப்ரல் 1998, வியாழக்கிழமை

அன்பு மருமகளுக்கு,

தேதியிட்டு எழுதியதற்கு மகிழ்ச்சி. அளவுக்கு மகிழ முடியவில்லை.

காலையில் நடந்து ஐந்து அங்குலம் இளைத்தவன் எவனையும் நான் கண்டதில்லை. நானும் முப்பது ஆண்டுகளாக நடக்கிறேன், செருப்புத்தான் தேய்ந்தது. ஒன்று, நீ நாடாவை இழுத்துப் பிடித்திருக்கிறாய். அல்லது அது பழைய நாடா. பழைய நாடா காலப்போக்கில் நீண்டுவிடும். நீண்ட நாடா அளவைக் குறைத்தே காட்டும். இதைச் சொன்னபோது ஆசிரியையே தலையாட்டினாள்.

ஆகவே இத்துடன் புது நாடா ஒன்று அனுப்பியிருக்கிறேன். எஃகு அடிக்கோலோடு வைத்துப் பார்த்துவிட்டேன், நூலளவும் பிழையில்லை. நாடாவுக்கும் உடம்புக்கும் இடையில் உன் விரல் ஒன்று நுழைய வேண்டும். மறுபடி எடு. அதுவரை துணியில் கத்திரி வைக்கப் போவதில்லை.

அன்புடன்,
உன் மாமனார்


13 மே 1998, புதன்கிழமை

அன்புள்ள மாமா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நேற்று உங்கள் நாடாவால் எடுத்தேன், விரல் விட்டுத்தான் எடுத்தேன். கழுத்து பதினான்கு, மார்பு முப்பத்துநாலரை, தோள் பதினேழு, கை இருபத்தைந்து. உட்கார்ந்தபடி எடுத்தது.

அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "அப்பாவை சீக்கிரம் வெட்டச் சொல்லு. லேட்டாக்கினா கர்ச்சீப்தான் தைக்கணும்" என்றார்.

மறுபடியும் அளக்கச் சொல்லாதீர்கள் மாமா. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்பு மருமகள்


21 மே 1998, வியாழக்கிழமை

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் 19ஆம் தேதி கிடைத்தது. மூன்று முறை வந்த அளவுகளையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி வகுப்புக்கு எடுத்துப் போனேன். ஆசிரியை பார்த்துவிட்டு, "மூணும் ஒரே ஆளா ஐயா?" என்றாள். ஆம், நாடாவில்தான் ஏதோ கோளாறு என்றேன். அவள் என் மேசைக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் பெண், வகுப்பு முடியும்வரை அங்கேயே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். கைநீளம் மூன்று முறையும் இருபத்தைந்து. நாடா நீண்டிருந்தால் அதுவும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? உன் பழைய நாடா சரியாகத்தான் இருந்திருக்கிறது. நீயும் சரியாகத்தான் அளந்திருக்கிறாய். உன்னைக் கடிந்துகொண்டு எழுதிய வரிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எலும்பு அப்படியே இருக்கிறது, மனிதன் கரைந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு என்ன?

ஜூன் 8ஆம் தேதி ரயிலுக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். அதற்கு முன் உன் கடிதம் வர வேண்டும். எனக்குப் பயந்து எதையும் குறைத்து எழுதாதே.

உன் மாமனார்


29 மே 1998, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாமா,

இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பக்கத்து அறையில் தூங்குகிறார்.

நவம்பரில் வயிற்றில் கட்டி என்றார்கள். ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குள் எல்லா இடமும் பரவியிருந்தது. ஏப்ரல் கடைசியில் மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். வலிக்கு மட்டும் கொடுக்கிறார்கள். வேலைக்குப் போவதாக எழுதியது, நடக்கிறார் என்று எழுதியது எல்லாமே பொய். முதல் தடவைக்குப் பிறகு எழுதிய அளவு மட்டும்தான் உண்மை. அதைப் பொய்யாக எழுத எனக்குக் கை வரவில்லை. ஒருவேளை நீங்களே புரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதினேனோ என்னவோ.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஏன் என்று சண்டை போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், குறைத்து எழுதாதே என்றீர்கள்.

"அம்மா படுத்திருந்தப்போ அவரு பக்கத்துல உட்காரவே இல்ல. சுவர் பக்கம் நின்னு எழுதிட்டே இருந்தாரு. எத்தன மணிக்கு மாத்திர, எவ்வளவு காய்ச்சல், எத்தன வாய் சாப்பிட்டா. அம்மா கண்ணால தேடுவா, இவரு நோட்டப் பாத்துட்டு இருப்பாரு. இங்க வந்தா என்னையும் எழுத ஆரம்பிச்சிடுவாரு. நான் ஒரு ஃபைலா சாக மாட்டேன்."

அப்படியானால் சட்டையையும் வேண்டாம் என்று எழுதிவிடவா என்று கேட்டேன். "அது வரட்டும்" என்றார்.

வராதீர்கள் மாமா. உங்களைப் பார்த்தால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துவிடும். இந்த வீட்டில் அவர் நம்புவதற்கு நான் ஒருத்திதான் மீதி.

காலையில் ஒரு மணி நேரம் தெளிவாக இருக்கிறார்.

மருமகள்


6 ஜூன் 1998, சனிக்கிழமை

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் 3ஆம் தேதி வந்தது. பயணச்சீட்டை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவன் சொன்னதை நான் மறுக்கவில்லை. நடந்தது அதுதான். அருகில் உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டிருந்தால் பார்க்க வேண்டியதில்லை.

சட்டை முடிந்துவிட்டது. இன்று பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். நீ கடைசியாகக் கொடுத்த அளவிலிருந்து மேலும் சற்றுக் குறைத்தே வெட்டியிருக்கிறேன். ஏன் என்று நீ கேட்க மாட்டாய். பிறந்தநாள்வரை எடுத்து வைக்காதே. வந்த அன்றே போட்டுவிடு.

இத்துடன் அவனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். காலையில் அவன் தெளிவாக இருக்கும்போது படித்துக் காட்டு. அதில் உன்னைச் சற்றுத் திட்டியிருக்கிறேன், பொறுத்துக்கொள். எனக்கு ஒன்றும் தெரியாது; அவனைப் பொறுத்தவரை அது அப்படியே இருக்கட்டும்.

உனக்கு அங்கே யார் துணை? அவன் அழைக்க மாட்டான். நீ என்றைக்கு அழைத்தாலும் வருவேன், உனக்காக.

உன் மாமனார்


6 ஜூன் 1998, சனிக்கிழமை

அன்பு மகனுக்கு,

உன் மனைவி எத்தனையோ விதத்தில் கெட்டிக்காரி. அளவெடுக்க மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. மூன்று முறை கேட்டேன், மூன்று விதமாக எழுதினாள். புது நாடா அனுப்பினேன், அதையும் கெடுத்துவிட்டாள். கடைசியில் அவள் கணக்கை ஒதுக்கிவிட்டு என் குத்துமதிப்பில் வெட்டிவிட்டேன். இறுக்கமாக இருந்தால் அவளைத் திட்டு. தளர்வாக இருந்தால் என்னைத் திட்டு.

கழுத்துப் பக்கத் தையலை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன், தோலில் உரசாது. பொத்தான் துளைகள் வழக்கத்தைவிடச் சற்றுப் பெரியவை. ஆசிரியை அதைப் பார்த்தால் பிரிக்கச் சொல்வாள், ஆகவே காட்டவில்லை. கைக்குப் பொத்தான் வைக்கவே இல்லை, மடித்துவிட்டுக்கொள்ளலாம். பையும் வைக்கவில்லை. பை இருந்தால் நீ பேனாவைச் செருகி மையைக் கொட்டுவாய். பள்ளி நாளிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம்.

உனக்கு வேலை அதிகம் என்று அறிந்தேன். பதில் எழுதச் சிரமப்படாதே. எனக்கு உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை.

அதே துணியில் இன்னும் இரண்டு மீட்டர் வாங்கி எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டேன். அப்பனும் மகனும் ஒரே சட்டையில் நின்றால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நீ அங்கே, நான் இங்கே, யார் பார்க்கப் போகிறார்கள்? நேற்று மாலை போட்டுக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல துணியப்பா. உடம்பில் இருப்பதே தெரியவில்லை.

அன்புடன்,
அப்பா