குழாயடியில் நிற்பவனைத் திட்டாதே

என் வீட்டுப் போலீசுக்கு, புருஷன் வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் எப்படி?

கழிமுகத்தில் எல்லோரும் அலையாத்திக் கன்று நடுகிறீர்களாமே, சேற்றில் நீ எருமை மாதிரி நிற்பதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கடல் தாண்டி நான் வந்த இந்த ஊரிலும் நடுகிறார்கள். ஆலையின் சாயக்கழிவுக் குழாயைத் திறந்துவிடுவதுதான் என் வேலை. நட்டவர்கள் நேற்று திரண்டு வந்து, "யோவ், எல்லாம் கருகுது, மூடுய்யா!" என்று கத்தினார்கள். மூடினேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "உன் பாஸ்போர்ட் முதலாளிகிட்டதானே இருக்கு?" என்றான். மறுபடி திறந்தேன்.

நம் ஆற்றில் கழிவு விடும் ஆலைக்கும் நீங்கள் போகப்போகிறீர்களாம். குழாயடியில் நிற்பவனைத் திட்டாதே. அவனைத் தாண்டி முதலாளி அறைக்குள் போய் மொத்தமாக உட்காருங்கள்.

கை அரிக்கிறது, நீ பூசும் களிம்பு அனுப்பு. அந்த வாசனையாவது வரட்டும். ஆலைச் சங்கு ஊதிவிட்டது, குழாயைத் திறக்கப் போகிறேன்.