எங்கள் வீட்டுப் படியில் ஓர் எண்

ஜூலை 14, திங்கள்

கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இதை யாரும் புரட்ட மாட்டார்கள். அம்மா தூங்கிவிட்டாள். போன் டார்ச்சைப் போர்வைக்குள் வைத்திருக்கிறேன்.

கட்டுரைப் போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு. தலைப்பு 'பொறியாளர் முதல் தேசியத் தலைவர் வரை'. அடுத்த மாதம் ஆதிகேசவன் ஐயா காஞ்சிபுரம் வருகிறார், அவர் முன்னால் நான் அதைப் படிக்க வேண்டுமாம்.

அவர் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். இருபத்து நாலு வயதில் ஜூனியர் இன்ஜினியராக இங்கே வந்தார். சாக்கடைத் திட்டத்துக்காகத் தெருத் தெருவாக உயரம் அளந்தார். ஒரு மழையில் தறிக்குழிகளில் தண்ணீர் நின்றபோது, மேலதிகாரி உத்தரவுக்குக் காத்திருக்காமல் கால்வாய்த் தடுப்பை உடைத்துவிட்டார். சஸ்பெண்ட் ஆனார். நெசவாளர்கள் அவருக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். வேலையை விட்டார். நகராட்சி, சட்டசபை, பிறகு டெல்லி. இன்று அகில இந்தியத் தலைவர்.

நான் மட்டும் என் தோழி நிக்கத் வீட்டுப் படியைப் பற்றி எழுதினேன். அந்த வருஷங்களில் ஆதிகேசவன் ஐயா அந்த வீட்டு முன்னறையில்தான் வாடகைக்கு இருந்தார். வாசல் கல்லில் ஒரு கோடு, அதைத் தொடும் அம்பு, பக்கத்தில் 83.415. கடல் மட்டத்திலிருந்து அந்தக் கல் அத்தனை மீட்டர் உயரம் என்று அர்த்தமாம். "அவரு உளி புடிச்சி வெட்டுனாரு, நான் பக்கத்துல அளவுகோல் புடிச்சிக்கினு நின்னேன். அப்ப எனக்குப் பதினாறு வயசு" என்று நிக்கத்தின் அப்பா மொய்னுதீன் அங்கிள் சொன்னார். போட்டோ எடுத்துக் கட்டுரையில் ஒட்டியிருந்தேன்.

ஜீவிதா மிஸ் கட்டுரையை இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால் "மேல போயிருக்குது" என்கிறார். மேல என்றால் எங்கே?

ஜூலை 17, வியாழன்

பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டில் ஒரு ஆள். வெள்ளைச் சட்டைப் பையில் தலைவர் படம். கட்சியின் வார்டு ஆள் பிரேம்நாத் என்று அப்பா சொன்னார். அவருக்கு என் பெயர் தெரிந்திருக்கிறது.

"சுகாசினிதானே? நல்லா எழுதுறம்மா. கையெழுத்துகூட அச்சு மாதிரி இருக்குது."

என் கையெழுத்தை இவர் எங்கே பார்த்தார்?

அப்பா என்னைக் கடைக்கு அனுப்பினார். வீட்டில் பால் இருந்தது. இருந்தும் பால் வாங்கி வரச் சொன்னார். திரும்பி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 19, சனி

இன்று ஒரு கல் வேலைக்காரர் வந்தார். எங்கள் வாசல் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தட்டினார். போனில் ஒரு படத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். என் படம். மூலையில் நிக்கத்தின் கொலுசுக் கால்கூட அதில் தெரியும்.

கோடு. அம்பு. 83.415.

கடைசியில் மண்ணும் எண்ணெயும் குழைத்துத் தேய்த்தார். பழசு மாதிரி ஆகிவிட்டது.

"என்னாப்பா இது?"

"உள்ள போ."

"இது நிக்கத் வீட்டுது."

"சொல்றேன்ல. உள்ள போ."

அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார். அப்பா பொய் சொல்லும்போது காதைத் தடவுவார். இன்று ரொம்ப நேரம் தடவினார்.

ஜூலை 20

ராத்திரி எல்லாம் யோசித்தேன். மார்ச்சில் வந்த நோட்டீஸ்தான் காரணம். எங்கள் வரிசையில் ஒன்பது வீடும் கால்வாய் ஓரப் புறம்போக்காம். காலி செய்ய வேண்டுமாம். அன்றிலிருந்து அப்பா வாலாஜாபாத் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற நேரம் போக மீதி எல்லாம் யாராவது ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறார்.

'தலைவர் தங்கிய வீடு' என்று ஆகிவிட்டால் யார் இடிப்பார்கள்?

அப்படியென்றால் மொய்னுதீன் அங்கிள் வீடு?

ஜூலை 23, புதன்

கட்டுரை திரும்பி வந்தது. டைப் அடித்து வந்திருக்கிறது. என் பெயர் இருக்கிறது. 'என் தோழி நிக்கத் வீட்டில்' என்ற இடத்தில் 'எங்கள் எளிய வீட்டில், என் தாத்தா காலத்தில்' என்று இருக்கிறது. அங்கிள் பெயரே இல்லை.

ஜீவிதா மிஸ்ஸிடம் தனியாகக் கேட்டேன். கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திருத்தி வந்திருக்குது சுகா. எனக்கும் மேல இருக்காங்க. நீ படிச்சா போதும், வேற எதுவும் கேக்காத."

"அது உண்மை இல்ல மிஸ்."

"பத்தாவதுடி நீ. மார்க் வாங்குற வழியப் பாரு."

மிஸ்ஸுக்கு முதலிலேயே தெரியுமா? இல்லை, அவரும் என்னைப் போலப் பயந்தாரா?

நிக்கத் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வீட்டப் பத்தி எழுதுன பக்கத்த எப்போ காட்டுவ? அம்மி கேட்டுக்கினே இருக்காங்க" என்றாள். அவள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள். பைண்ட் பண்ணக் கொடுத்திருக்கிறது என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஜூலை 29, செவ்வாய்

சாயந்தரம் நல்ல மழை. வாசலில் நின்று பார்த்தேன். தண்ணீர் எப்போதும் போல நிக்கத் தெருப் பக்கமிருந்து ஓடி வந்து எங்கள் படியைத் தொட்டு நின்றது.

அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் அங்கிருந்து இங்கே வருகிறது என்றால் அவர்கள் படி உயரம், எங்கள் படி தாழ்வு. இரண்டிலும் ஒரே எண் இருக்கவே முடியாது. அந்த எண் ஒருத்தர் கையெழுத்து போல எங்கே வேண்டுமானாலும் போடுகிறது இல்லை. அது அந்தக் கல் இருக்கிற இடத்தின் உயரம். படம் பார்த்து வெட்டியவருக்கும் தெரியாது, பிரேம்நாத்துக்கும் தெரியாது.

ஆதிகேசவன் ஐயாவுக்குத் தெரியும். இந்த ஊரின் உயரத்தை எல்லாம் அளந்தவர். குனிந்து ஒரு தடவை பார்த்தாலே போதும்.

தெரிந்தால் எத்தனை கேமரா முன்னால் அப்பாவைக் கேட்பார்? என்னை என்ன கேட்பார்? கட்டுரையில் என் பெயர்தானே இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

அப்பாவிடம் சொன்னேன். எண் தப்பு, அவர் கண்டுபிடித்துவிடுவார் என்றேன். அப்பா போய் பிரேம்நாத்திடம் கேட்டிருக்கிறார். அவர் சிரித்தாராம். "நாப்பது வருஷம் ஆச்சி முனுசாமி. அவரு இப்ப நம்பரா பாக்கப் போறாரு? ஜனங்களப் பாப்பாரு."

நிக்கத் வீட்டையே காட்டலாமே என்று கேட்டீங்களா என்றேன்.

அப்பா ஆட்டோ சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார்: "கேட்டேன். இப்ப அந்த வீட்டக் காட்டுறது நேரம் சரியில்லன்னான். எலக்‌ஷன் வருதாம். தலைவரு உழைக்கிற ஜனங்க வீட்ல தங்குனாருன்னு இருந்தாதான் டெல்லி வரைக்கும் நல்லா இருக்குமாம்."

"மொய்னுதீன் அங்கிள் உழைக்கலியா?"

"என்கிட்ட ஏண்டி கேக்குற."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 5

ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் பிரேம்நாத் இரண்டு பேரோடு நின்று நிக்கத் தெருவைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் படியை உடைத்துவிடுவார்களோ? அந்தக் கல் இருக்கிற வரைக்கும் எங்கள் கல் பொய்தானே.

நிக்கத்திடம் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? உன் வீட்டை நாங்கள் எடுத்துக்கொண்டோம், மிச்சமிருக்கிற கல்லைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றா?

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அப்பா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். என்னிடம் அப்படி உட்கார்ந்து பேசி ரொம்ப நாள் ஆகிறது.

"ஒரு வரிதாம்மா. மத்ததெல்லாம் நீ எழுதுனதுதானே. அந்த ஒரு வரிய நீ படிச்சிட்டா இந்த ஒம்போது வீடும் நிக்கும். நம்ம வீட்டுக்காக மட்டும் கேக்கல."

காதைத் தடவவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முடிந்துவிட்டது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினொரு மணிக்கு ஆதிகேசவன் ஐயா வந்தார். டிவியில் பார்ப்பதைவிடக் குள்ளம். தெரு முழுக்கக் கூட்டம். பிரேம்நாத் நேராகப் படிக்கு அழைத்து வந்து காட்டினார். ஐயா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். எண்ணை விரலால் தடவினார். நிமிர்ந்து கால்வாயைப் பார்த்தார். பிறகு தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தார். எனக்குத் தெரியும், அதைத்தான் பார்த்தார்.

"மழைக்கு இங்க தண்ணி ஏறுமா?"

பிரேம்நாத் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "ஏறுங்கய்யா. போன வருஷம் முழங்கால் வரைக்கும்."

ஐயா இன்னொரு தடவை எண்ணைப் பார்த்தார். மூன்று நான்கு நொடி இருக்கும். பிறகு கேமராக்கள் பக்கம் திரும்பினார்.

"ஆமாம். இதே கல்தான். என் கையால வெட்டினது."

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

நான் படித்தேன். அந்த வரியையும் படித்தேன். குரல் உடையவில்லை.

ஐயா எனக்குச் சால்வை போடும்போது என் தலையில் கை வைத்துக் குனிந்தார். சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"இந்த நம்பரை நீ முதல்ல எங்கம்மா பாத்த?"

"இங்கதான் சார்."

"வேற எங்கயும் இல்லையே?"

"இல்ல சார்."

"சரி" என்றார். கையை எடுத்துக்கொண்டார்.

ஏன் கேட்டார்? அந்த வீட்டை நினைத்துக் கேட்டாரா? நான் 'இருக்குது சார், நிக்கத் வீட்ல' என்று சொல்லியிருந்தால் இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பார்த்திருப்பாரா? இல்லை, அந்தக் கல் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாரா? கல்லைக் காப்பாற்றத்தான் இல்லை என்றேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த நொடியில் கல் நினைவுக்கே வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

ஆகஸ்ட் 11

நிக்கத் பள்ளிக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 13

வந்தாள். ஜன்னல் ஓர பெஞ்சில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. ரப்பர் கேட்டேன், கொடுத்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

நோட்டீஸ் நிறுத்தி வைத்தாகிவிட்டது. ஒன்பது வீட்டுக்கும். பக்கத்து வீட்டு எல்லம்மாள் அக்கா எனக்குக் கேசரி கொண்டு வந்து ஊட்டிவிட்டார். "எங்க எல்லாரையும் காப்பாத்திட்ட கண்ணு" என்று அழுதார். விழுங்கினேன்.

அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வீடு போயிருந்தால் எங்கே போயிருப்பார்கள்? அப்பா செய்தது தப்பு என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 27

வெளியூரிலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்தார்கள். தலைவர் எந்த மூலையில் படுப்பார் என்று கேட்டார்கள். அப்பா காட்டினார். காற்று வரும் என்று ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுப்பாராம். இதை யாரும் அப்பாவுக்குச் சொல்லித் தரவில்லை.

செப்டம்பர் 6, சனி

இன்று நானே நிக்கத் வீட்டுக்குப் போனேன்.

படியில் வெள்ளையாகக் கல் தூள். எண் இருந்த இடத்தை ஒரு சாண் அகலத்துக்குக் கொத்தியிருந்தார்கள். பிரேம்நாத் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நிக்கத்தின் அம்மா சைதுன் ஆன்ட்டி வெளியே வந்தார். யார் ஆன்ட்டி செஞ்சது என்று கேட்டேன்.

"உங்க அங்கிள்தாம்மா. கொத்தனாரக் கூட்டியாந்து எடுத்துட்டாரு. யாராச்சும் வந்து இது என்னா, ஏன் இங்க இருக்குதுன்னு கேட்டா என்னா சொல்றது? வம்பு எதுக்கு."

அவர் கோபமாகப் பேசவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தலைவரு வந்த அன்னைக்கு அவரு கடையே தொறக்கல தெரியுமா. வெள்ளச் சட்ட போட்டுக்கினு சாயந்தரம் வரைக்கும் வாசல்ல உக்காந்துகினு இருந்தாரு. சுகா ஐயாகிட்ட சொல்லும், கண்டிப்பா வருவாருன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

பிரேம்நாத், மிஸ், அப்பா, அந்தப் பெரிய மனுஷர் என்று எல்லோரையும் சந்தேகப்பட்டு எழுதி வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அன்று சாயந்தரம் வரைக்கும் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

"இரு, அவளக் கூப்புடறேன்" என்று ஆன்ட்டி உள்ளே போனார். நிக்கத் குரல் கேட்டது. மெதுவாகத்தான் சொன்னாள். "இல்லன்னு சொல்லிடுங்கம்மி."

ஆன்ட்டி திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவ வீட்ல இல்லம்மா."

"சரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.