உப்புப் பார்க்காத மீன்

தி. நகர்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு

அன்பு மருமகள் புஷ்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மேட்சிங் பிளவுஸ் துணி சாம்ராஜ்யத்தை முப்பது வருடமாக ஆண்டு வருபவரும், நேற்று மாலை முதல் ஏர் ஃபிரையர் கலையில் ஈரேழு உலகமும் போற்றும் மேதையுமாகிய உன் வலியுல்லா மாமா, கடையில் துணி கிழிக்கும் மேசையில் உட்கார்ந்து எழுதுவது. இங்கே உன் அம்மா, அத்தா, நான் எல்லோரும் நலம். நீயும், தௌஃபீக் மாப்பிள்ளையும், உன் வயிற்றிலிருக்கும் நாலு மாத மகாராஜாவும் (மகாராணி என்றால் இன்னும் விசேஷம்) நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பினால் உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று திருத்தம் சொல்வாள். அதனால்தான் கையெழுத்து. மாப்பிள்ளையின் சிநேகிதன் ஜைத் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை நார்வே திரும்புகிறான். அவன் கையில் இதையும் ஒரு மசாலாப் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். சமையல் குறிப்பு எழுதுகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. குறிப்பும் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் வீடியோவில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. வாணலியில் எண்ணெய் காய்கிற வாசனை வந்தாலே குடலைப் பிரட்டுகிறது, எடை குறைகிறது என்று டாக்டரம்மா கோபப்படுகிறார், மாப்பிள்ளை தினமும் சால்மன் வாங்கி வந்து ஏர் ஃபிரையரில் வைத்துத் தருகிறார், "சோப்பைக் கடிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். போனை வைத்ததும் உன் அம்மா என்னைப் பார்த்து, "டேய் வலியு, அந்த மிஷினையும் அந்த மீனையும் எங்கிருந்தாவது கொண்டா" என்றாள். அரச கட்டளை!

மிஷின் பாண்டி பஜாரில் கிடைத்தது. மீனுக்கு அடையாறு வரை படையெடுத்தேன். விலையைச் சொன்னால் உனக்குத் தலை சுற்றும். ஏற்கெனவே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, வேண்டாம். ஐஸ் பெட்டியை மடியில் வைத்து ஆட்டோவில் வந்தபோது, ராஜகுமாரியைப் பல்லக்கில் அழைத்து வருகிற பெருமிதம் எனக்கு.

பெட்டியைத் திறந்தேன். மருமகளே, அந்த நிறம்! மாம்பழ ஆரஞ்சுக்கும் செம்பருத்தி ரோஸுக்கும் நடுவில் ஒரு ஷேடு. என் கடையில் எட்டாயிரம் ஷேடு இருக்கிறது, அது இல்லை. முப்பது வருடத் துணிக்கார மூளை உடனே சொல்லிவிட்டது: இது சாயம். வெள்ளை பாப்ளின் துண்டை நனைத்து மீன் மேல் தேய்த்துப் பார்த்தேன். லேசாக ஒட்டியது! விட்டேனா? கல்லுப்பு, மஞ்சள், புளித் தண்ணீர் போட்டு ஏழு தண்ணீர் அலசினேன். வெளுத்தது. வெற்றி வெற்றி என்று கூவினேன்.

உன் அத்தா கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, "மச்சான், இது மீனா, ஜாக்கெட் துணியா?" என்றார். உன் அம்மா, "மீனுக்குப் போயி சாயம் போவுதான்னு பாக்குறியே, அடுத்தது இஸ்திரி போடுவியாடா?" என்றாள். மாடி வீட்டு ஷ்ரேயா போனைத் தட்டிப் பார்த்து, "அங்கிள், அதோட கலரே அப்படித்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். அந்தத் துண்டு வெந்து வந்தபோது நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. முதல் பானிபட்டில் தோல்வி.

இரண்டாவது துண்டை அலசவில்லை. வஞ்சிரத்துக்குத் தூவுவது போல மிளகாய்த்தூளைத் தாராளமாகத் தூவி உள்ளே தள்ளினேன். அந்த மிஷினுக்குள் ஒரு காற்றாடி சுற்றுகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தூள் மொத்தமும் பறந்து, கருகி, புகையாக வெளியே வந்தது. நம் வீடிருக்கும் கச்சேரி ரோடே தும்மியது. கபாலி கோயில் குளத்து மீன்கள்கூடக் கரையேறி இருமின என்று கேள்வி.

அப்போதுதான் உன் அம்மா என்னை நகர்த்தினாள். "தள்ளுடா. இந்த நெடி அவ மூக்குல ஏறுனா அன்னிக்கு முழுசும் எழுந்திருக்க மாட்டா" என்றாள். மல்லி, மிளகு, சீரகம், உலர்ந்த பூண்டு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, கொஞ்சம் அரிசி மாவும் உப்பும் சேர்த்து இடித்தாள். மிளகாய் பேருக்கு ஒன்று. வறுத்ததால் பச்சை வாசனை வராதாம். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூக்கைத் தீட்டிக்கொண்டாள். உள்ளே நான் வேலையாள். "இப்ப வாசனை வருதாக்கா?" "இல்ல." "இப்ப?" "கொஞ்சம். போதும், இந்த அளவு அவ தாங்குவா." உன் மூக்கை அவள் முகத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், புஷ்ரா.

குறிப்பு இதுதான். மீனைத் தண்ணீரில் போடாதே, துடைத்தால் போதும். தோலை உரிக்காதே. பொட்டலத்து மசாலா இரண்டு ஸ்பூன், பாதி எலுமிச்சைச் சாறு, சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலே பசை போல அப்பு; தூவினால் பறந்துவிடும், எனக்கு நேர்ந்தது மாப்பிள்ளைக்கு நேர வேண்டாம். இருபது நிமிடம் ஊறட்டும். தோல் கீழே இருக்கும்படி வைத்து, நூற்றெண்பது டிகிரியில் பத்து நிமிடம். எண்ணெய் வேண்டாம், அந்த மீனிலேயே ஒரு செக்கு ஓடுகிறது. மாப்பிள்ளையைச் செய்யச் சொல்லிவிட்டு நீ வேறு அறையில் கதவைச் சாத்திக்கொள்.

ருசியா? மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். வஞ்சிரத்தைத் தவிர மற்றதெல்லாம் மீனே இல்லை என்று நாற்பது வருடமாகப் பிரசங்கம் செய்த உன் அத்தா, இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவதுக்குத் தட்டை நீட்டினார். இதைவிட என்ன பட்டயம் வேண்டும்?

இனிமேல் எழுதுவது குறிப்பில் சேராது.

தட்டில் ஒரு துண்டு வைத்து உன் அம்மாவிடம் நீட்டினேன், உப்புப் பாருக்கா என்று. "நீயே பாருடா" என்றாள். என் நாக்கை நான் பிறந்ததிலிருந்து அவள் நம்பினதில்லை. நோன்புக் கஞ்சிக்கு நான் உப்புச் சரி என்றால் இன்னொரு கை போடுகிறவள். உன் அத்தாதான் தனியாக அழைத்துச் சொன்னார்: நீ சோப்பு என்று சொன்ன நாளிலிருந்து அவள் மீன் தொடுவதில்லையாம். குழம்பு வைக்கிறாள், பரிமாறுகிறாள், தன் பங்கை அவர் தட்டில் தள்ளிவிடுகிறாள். கேட்டால் பல்வலி என்கிறாளாம்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை உன் அம்மாவின் பாஸ்போர்ட் திரும்பி வந்துவிட்டது. உன்னிடம் வர விசா இந்தத் தடவையும் கிடைக்கவில்லை. கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள். "அவ சாப்பிட ஆரம்பிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். உன் வாயால சொல்லாதே" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். என் வாயால் நான் சொல்லவில்லை. பிரசவத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மாப்பிள்ளையை அழைப்புக் காகிதங்களைக் குறையில்லாமல் அனுப்பச் சொல், விசாவுக்கு மறுபடி போடுவோம். உன்னிடம் வருவதற்கு அவள் கட்டிவைத்த சூட்கேஸ் இன்னும் கதவோரத்தில்தான் நிற்கிறது. உள்ளே நான் கிழித்துக்கொடுத்த மெல்லிய மல் துணி, குழந்தைக்கு. அதை அவள் பிரிக்கவில்லை. நானும் பிரிக்கச் சொல்லவில்லை.

நீ கோபித்துக்கொள்ளாதே, அழாதே. தெரியாத மாதிரியே இரு. எனக்காக ஒரே ஒரு காரியம் செய். மீன் வெந்ததும் ஒரு வாய், ஒரே ஒரு வாய், சாப்பிட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிடு. நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லாதே, அதை அவள் நம்ப மாட்டாள். உப்புக் கூடவா குறைவா என்று சொல். குறை இருந்தால் தாராளமாகத் திட்டு. திட்டு வாங்க உன் மாமாவின் நாக்கு தயார். வயிற்றில் தங்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல், நாலாவது போருக்குப் படை திரட்டுகிறேன்.

அல்லாஹ் உனக்கு நல்ல பசியைக் கொடுக்கட்டும். வாங்கிய மீனில் ஒரு துண்டை எடுத்து, மசாலா தடவாமல் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். அது உன் அம்மாவின் பங்கு. எப்போது வெளியே எடுப்பது என்று அங்கிருந்து நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உப்புக்குப் பொறுப்பான உன் மாமா,
வலியுல்லா