திரைச்சீலைக்கு வந்த எஞ்சின்

மார்ச் 4, செவ்வாய்

கடையிலிருந்து வந்து பார்த்தால் வாசலில் ஒரு எஞ்சின் கிடக்கிறது. கேட்டைத் திறக்க முடியாதபடி, நட்டநடுவில், ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுவர் ஏறிக் குதிக்காத குறையாக உள்ளே போனேன்.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். மகாராணிதான். என் அண்ணன் பெண்டாட்டி. பழைய வண்டிகளை உடைத்து விற்கிறவர் புது வீடு கட்டியிருக்கிறார். அந்த வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்துக் கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதிலாக எஞ்சின் கேட்டிருக்கிறாள். அவரும் பின்பக்கம் நசுங்கிய ஒரு சரக்கு வேனின் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். எஞ்சின் செத்து நிற்கிற எங்கள் காருக்கு அது பொருந்துமா, பொருந்தாதா? ஒரு வார்த்தை கேட்கவில்லை. உதிரி பாகக் கடையில் வருஷக்கணக்காக நிற்கிறவள் இதே கூரைக்குக் கீழே இருக்கிறேன். என்னிடம் கேட்டால் கிரீடம் இறங்கிவிடும்.

எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் இந்த வீட்டில் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போன நாளிலிருந்து கிடையாது. "நீங்க இருந்த லட்சணத்துக்கு எவன் இருப்பான்" என்று அன்றைக்குக் கேட்டேன். அதோடு அவள் வாயை மூடினாள். நானும் மூடினேன். ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பூனையிடம் சொல்வோம், மற்றவள் காதில் விழுகிற மாதிரி. எஞ்சின் கதையைக்கூடப் பூனையிடம்தான் சொன்னாள். கடைசியில் இதையும் சேர்த்துக்கொண்டாள்:

"வண்டி ஓடுச்சுன்னா தையல் மிஷினை ஏத்திக்கிட்டு எங்க அக்கா ஊருக்கே போயிடுவேன் பூனையே. அங்க கடை போட இடம் இருக்கு. வண்டி இல்லாம வீடு வீடாப் போய்த் திரை மாட்ட முடியாது, அதான். அப்புறம் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்."

பூனை காதைக்கூட அசைக்கவில்லை. எனக்குத்தான் காது குளிர்ந்தது.

மார்ச் 5, புதன்

வண்டி ஓடினால் அவள் போய்விடுவாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? நானே போட்டுத் தருகிறேன் எஞ்சினை.

மார்ச் 8, சனி

எஞ்சினைத் தேய்த்துக் கழுவினேன். அதிர்ஷ்டக்காரி. நம் காரைச் செய்த அதே கம்பெனியின் எஞ்சின்தான், கொஞ்சம் பெரியது. கியர்பாக்ஸோடு சேரும் துளைகள் அப்படியே பொருந்துகின்றன. உட்காரும் இடம்தான் பொருந்தாது. இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டைகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். அடியில் எண்ணெய்த் தொட்டி வேறு குண்டாக இருக்கிறது, குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். பழைய எஞ்சினின் தொட்டியைக் கழற்றி இதில் மாட்டினால் சரியாகும்.

அந்தப் பழைய எஞ்சின் எப்படிச் செத்தது என்று ஊருக்கே தெரியும். எண்ணெய் இருக்கிறதா என்று ஒரு நாள் பார்க்காமல் ஓட்டினால் சாகாமல் என்ன செய்யும்? அண்ணன் என்னவோ அவள்தான் ஓட்டிக் கெடுத்தாள் என்பான். அப்படித்தான் இருக்கும். மாதம் ஒரு முறை எனக்கு மட்டும் போன் பண்ணுவான். அவளுக்குத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

கார் நிறுத்துமிடத்தின் இரும்பு உத்தரத்தில் கடையிலிருந்து இரவல் வாங்கிய சங்கிலிக் கப்பியை மாட்டிப் பழைய எஞ்சினைத் தூக்கினேன். ஒற்றை ஆளாக. கார் பின்னால் நகர வேண்டும், தள்ள ஆளில்லை. "யாராவது கொஞ்சம் தள்ளினா தேவலை" என்று பூனையிடம் சொன்னேன். பூனையே அங்கே இல்லை. ரேடியேட்டரைப் பார்த்துச் சொன்னேன்.

வந்து தள்ளினாள். மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே தள்ளினாள். தொட்டிச் செடி ஒன்று காலி.

மார்ச் 15, சனி

வெல்டரிடம் போனேன். பட்டைக்கு அளவு கொண்டா என்கிறார். எப்படி எடுப்பது? இடுக்கில் ஸ்கேல் நுழையவில்லை, எல்லாம் வளைவு நெளிவு. கையைச் சிராய்த்துக்கொண்டதுதான் மிச்சம். ஆத்திரத்தில் ஸ்பானரை விட்டெறிந்தேன். அது அவள் ஜன்னலுக்குக் கீழே போய் விழுந்தது. குறி பார்த்து எறியவில்லை. பார்த்திருந்தாலும் தப்பில்லை.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் பானட் மேல் இரண்டு அட்டைகள். கெட்டி அட்டையில் வெட்டி, துளை வர வேண்டிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, வலது, இடது என்று எழுதி வைத்திருக்கிறாள். சட்டைக்கு அக்குளில் அளவெடுக்கிற மாதிரி அந்த இடுக்கில் துணி வைத்து அமுக்கி எடுத்திருக்கிறாள். ஓரத்தில் துணி நூல் ஒட்டியிருந்தது.

வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. எரிச்சலாக வந்தது.

வெல்டர் யார் வெட்டியது என்றார். நான்தான் என்றேன்.

மார்ச் 22, சனி

பட்டைகள் வந்துவிட்டன. அவள் அக்காவோடு போனில் பேசுவது சமையலறை வரை கேட்கிறது. கடைக்குப் பேர் யோசிக்கிறார்களாம். பேர்! போய்த் தொலைந்தால் சரி. அவள் போனதும் அந்த அறையை என்ன செய்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. காலியாகவே கிடக்கட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது.

எஞ்சினை இறக்கும் நாள் இன்று. சங்கிலியில் தொங்குகிற எஞ்சினை அசைத்து அசைத்து கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தண்டு கிளட்சுக்குள் நுழைகிற மாதிரி கொண்டுபோக வேண்டும். மேலே ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி கட்டாயம் வேண்டும். நான் சங்கிலியைப் பிடித்தேன். அவள் எஞ்சினைப் பிடித்தாள். ரேடியேட்டரிடம் நான் "இன்னும் கொஞ்சம் மேலே" என்பேன். பூனையிடம் அவள் "இடதுபக்கம் இடிக்குது" என்பாள். இந்த லட்சணத்தில் பாதி நுழைந்துவிட்டது.

அப்போது கொக்கி சறுக்கியது. எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அவள் கை.

"அண்ணி! கையை எடுங்க!"

எடுத்துவிட்டாள். எஞ்சின் டங்கென்று போய் மோதியது. ஒரு கண்ணாடி வளையல் நொறுங்கியதோடு போயிற்று. ஐயோ, அந்தக் கை இல்லாவிட்டால் அவள் எதைத் தைப்பாள்? நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நேராக.

"சாகப் போனாத்தான் கூப்பிடுவியா?"

"சங்கிலியைப் பார்க்காம பூனையப் பார்த்துக்கிட்டு நின்னா சாகத்தான் வேணும்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். நன்றி கெட்டவள் என்று திட்டினேன். அவள் திருப்பித் திட்டினாள். திட்டிக்கொண்டே தண்டை நுழைத்தோம். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

பூனை மூலமாகப் பேசியபோது பாதிதான் வந்து சேர்ந்தது. இப்போது முழுசாக வருகிறது. சாம்பாரில் உப்பு இல்லை என்பதிலிருந்து அண்ணனுக்கு நான் வாங்கிய வக்காலத்து வரை. எண்ணெய் பார்க்காமல் எஞ்சினைக் கொன்றது நீங்கள்தானே என்று கேட்டேன். சிரித்தாள். எஞ்சின் செத்த அந்த மாதம் முழுக்கச் சாவி அவன் பாக்கெட்டில்தான் இருந்ததாம். வண்டியும் அவனும் எங்கே போய் வந்தார்கள் என்று அப்போது அவளுக்கும் தெரியாதாம். "உங்க அண்ணன் சொன்னாரா? சொல்லுவாரு" என்றாள்.

அந்த மாதம் நான் கடைக்கு பஸ்ஸில் போனது ஞாபகம் இருக்கிறது. வண்டி வீட்டில் இருந்ததே இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

வயர், தண்ணீர்க் குழாய், பெட்ரோல் குழாய். நாள் முழுக்க. எரிச்சல்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஓடியது!

சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி திருப்பினேன், இருமியது, புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. கார் முழுக்க அதிர்ந்து அப்புறம் அடங்கி, ஒரே சீராக ஓடியது. நான் போட்ட எஞ்சின்! அவள் கதவருகில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். "சத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்றாள். பொறாமை.

அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பினேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

ஏப்ரல் 8, செவ்வாய்

அண்ணன் கூப்பிட்டான். எப்படிப் போட்டாய், யார் உதவினார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "ஓடுதா? நல்லதாப் போச்சு. வண்டி என் பேர்லதானே இருக்கு. இங்க வண்டி இல்லாம ரொம்ப சிரமப்படுறோம். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்" என்றான்.

சிரமப்படுறோம். "றோம்".

வந்து எடுத்துப்பானாம்! எவன் வீட்டுச் சொத்து? என் நகக்கண்ணுல இன்னும் கிரீஸ் போகல. அவ கை போயிருக்கும் அன்னைக்கு. இவனுக்காடா நான் அவளைப் பார்த்து அந்த வார்த்தை கேட்டேன்? இவனுக்கா?

ஏப்ரல் 9, புதன்

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். நான்தான் சத்தத்தை அனுப்பினேன், அவன் ஞாயிறு வருகிறான் என்று. மாதாமாதம் போன் பேசுவதையும் சொன்னேன். அவள் திரைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் நின்றது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைக்குப் பேர் எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து நாலாக மடித்து மிஷின் டிராயருக்குள் போட்டாள். "சரி. போனது போகட்டும்" என்றாள். அவள் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதே இல்லை.

இவள் போக வேண்டும் என்றுதானே எல்லாம் செய்தேன்? இப்போது போக முடியாது. அதற்கு நான் சந்தோஷப்படுகிறேனா, துக்கப்படுகிறேனா? எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மத்தியானம் கடையில் ஒருவர் தன் வண்டியை விற்கும்போது அவர் வாங்கிப் போட்ட பாட்டரியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். வண்டி வேறு, பாட்டரி வேறு என்றார்.

கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணி, எஞ்சின் யாருது?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் திரை தச்சு வாங்குனது. போட்டது நீ" என்றாள். அப்புறம் அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஸ்பானர் வேணும்?" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

போட வாரக்கணக்கானது. கழற்ற இன்று ஒரு நாள் போதும். அவள் கீழே, நான் மேலே. "பிடி." "பிடிச்சிருக்கேன்." "விடு." "விட்டா காலில் விழும், அறிவிருக்கா?" அவ்வளவுதான் பேச்சு.

அவனுடையது ஒன்றுகூட நமக்கு வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எண்ணெய்த் தொட்டி அவனுடையது. கழற்றிப் பழைய எஞ்சினுக்கே மாட்டினோம். போல்ட்டுகளைப் பொறுக்கி எண்ணெய் போகத் துடைத்தோம். பிங்க் பூப்போட்ட மிச்சத் திரைத்துணியில் சுருக்குப் பை ஒன்று தைத்து அதில் போட்டாள். நாடாவும் வைத்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வந்தான். புதுச் சட்டை, கூட ஒரு சிநேகிதன், கையில் பெட்ரோல் கேன். வண்டியைக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தோம். அதைப் பார்த்துவிட்டு என் தலையில் தட்டி "கெட்டிக்காரி" என்றான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கதவில் சாய்ந்து நிற்கிறவள் மேஜை நாற்காலி என்று நினைப்பு.

உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். திருப்பிக்கொண்டே இருந்தான். பானட்டைத் திறந்தான். உள்ளே தரை தெரிந்தது.

முகத்தில் ஈயாடவில்லை. "என்னடி இது?"

"உன் வண்டி" என்றேன். "உன் எஞ்சின் அதோ மூலையில இருக்கு. போல்ட் எல்லாம் இந்தப் பையில."

பூப்போட்ட பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சிநேகிதன் சிரிப்பை அடக்கத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம்தான் அவனுக்குக் கோபம் வந்தது. இதெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்து நான் ஆடுகிற ஆட்டமாம். அவள் என்னை மயக்கிவிட்டாளாம். "கூடப் பிறந்தவன விட நேத்து வந்தவ பெரிசாப் போயிட்டாளா? அவ எப்பேர்ப்பட்டவன்னு உனக்குத் தெரியாது. சொல்லட்டுமா?"

"அவங்க கூட நான்தான் இருக்கேன்டா. நீ இல்ல. எனக்குத் தெரியும்" என்றேன். "இனிமே எனக்குப் போன் பண்ணாத."

அவள் கேட்டை அகலமாகத் திறந்துவிட்டாள், இழுவை வண்டி வந்து எடுத்துப் போக வசதியாக.

ஏப்ரல் 14, திங்கள்

கார் நின்ற இடம் வெறிச்சென்று இருக்கிறது. எஞ்சின் மட்டும் டயர் மேல். அழுகையாக வந்தது. அவனுக்காக இல்லை. அவனுக்காகவும்தான். அவள் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை இல்லை. வேண்டுமென்றேதான்.

மே 4, ஞாயிறு

எஞ்சின் இல்லாத கார் ஒன்று கிடைத்துவிட்டது. அதே கம்பெனி, அதே மாடல். ஒரு பள்ளி ஆசிரியை நான்கு வருஷமாகத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாராம். காருக்கு விலையாக இவள் அவர் வீட்டுக் கூடத்துக்குத் திரை தைத்துத் தருகிறாள். காரின் கலர் மூட்டைப்பூச்சிக் கலர் என்கிறாள். கலரா ஓடப்போகிறது என்றேன். அதற்கு ஒரு சண்டை.

மே 18, ஞாயிறு

கடையில் வாங்கிய சின்ன எண்ணெய்த் தொட்டியை மாட்டி எஞ்சினை இறக்கியாயிற்று. கொக்கி சறுக்கவில்லை. பிரேக்குக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சாயந்திரம் கேட்டாள்: "எங்க அக்கா ஊருக்குக் காலையில கிளம்பினா, இருட்டறதுக்குள்ள திரும்பி வந்துடலாமா?"

வந்துவிடலாம் என்றேன். ஆனால் அங்கிருந்து மத்தியானமே கிளம்பிவிட வேண்டும், உங்கள் அக்கா வீட்டில் உட்கார்ந்து பேச எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

வண்டி வழியில் நின்றால் யார் பார்ப்பது என்று கேட்டேன். அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு காருக்குள் குனிந்து, முன் இருக்கை இரண்டுக்கும் உறை தைக்க அளவெடுத்தாள்.