ஃபிரிட்ஜின் கீழ்ப்பக்கம் பிடித்தவனுக்கு

அன்பு மச்சான் நேசா,

நீ இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எதற்கு எழுத? இருபத்திரண்டு வருடம் ஒரே லொறியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். சொல்ல வேண்டியதை எல்லாம் சிவப்பு விளக்கு விழும் இடங்களில் சொல்லி முடித்துவிடுவோம். நீ போய் ஆறு மாதமாகிறது. உனக்குச் சொல்லாமல் வைத்திருப்பவை சேர்ந்துவிட்டன.

முதல் செய்தி, நேற்று டிராஃப்ட் நடந்தது. எமானுவேலின் பெயர் வந்ததா என்றுதானே கேட்கிறாய்? பொறு மச்சான். நீ என்னை எத்தனை மைதானங்களில் குளிரில் விறைக்க வைத்திருக்கிறாய். ஒரு கடிதம் முடியும் வரைக்கும் உன்னால் பொறுக்க முடியாதா?

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நேசன் என் தங்கை வசந்தியின் கணவன். மொன்ட்ரியாலில் நாங்கள் இருவரும் வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில் செய்தோம். யூலை முதலாம் திகதி இந்த நகரத்தில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள். அன்றைக்கு உதவிக்கு ஆள் கிடைக்காது. பல்கலைக்கழக ஃபுட்போல் அணிப் பெடியள்தான் வருவார்கள். காலால் உதைக்கும் பந்து அல்ல, தலைக்கவசம் போட்டு, நீள்பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஃபுட்போல். ஒவ்வொருவனும் அலுமாரி அளவு இருப்பான்.

இங்கே பழைய வீடுகளின் படிகள் வெளியே இருக்கின்றன. இரும்புப் படி, அதுவும் வளைந்து வளைந்து போகும். அதில் ஃபிரிட்ஜ் ஏற்றும்போது மேலே நிற்பவன் பிடிப்பதாகப் பேர். பாரம் முழுக்கக் கீழே நிற்பவனின் நெஞ்சில்தான். நீ எப்போதும் கீழ்ப்பக்கம் போவாய். நான் எப்போதும் மேல்பக்கம். என் இடுப்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிப்பேன். உன் இடுப்பு மட்டும் என்ன, கொல்லன் பட்டறையில் செய்ததா?

அந்தப் படிகளில்தான் நீ ஆள் பார்க்கப் பழகினாய். எந்தப் பெடியன் கேளாமலே கீழ்ப்பக்கம் போகிறான், எவன் மேல்பக்கத்தில் நின்று கத்துகிறான், எவன் மற்றவனின் விரல் நசியாமல் பார்க்கிறான் என்று கவனிப்பாய். ஒரு யூலை மாதம், வீடு மாற வந்த ஒரு தொப்பிக்காரர் உன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார். தொழில்முறைக் கழகம் ஒன்றுக்கு ஆள் தேடுபவர் அவர். பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களில் யாரை எடுப்பது என்று கழகங்கள் முறை வைத்து, சுற்றுச் சுற்றாக, மேலானவனை முதலில் என்று தெரிவு செய்யும் நாள்தான் டிராஃப்ட். அதற்கு முன்பு ஒவ்வொருவனைப் பற்றியும் அறிக்கை வேண்டும். “நீங்கள் எங்களுக்கு எழுதித் தருவீர்களா?” என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். எழுதுவதற்கு உனக்கு இங்கிலீசும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. நீ தமிழில் கொப்பியில் எழுத, நான் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்வதாக ஏற்பாடு.

அந்த விளையாட்டின் சட்டம் உனக்கு முழுதாக விளங்கியது மூன்றாம் வருடத்தில்தான் என்பதைத் தொப்பிக்காரருக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் உன் அறிக்கை பிழையாகப் போனதை அவர் அதிகம் கண்டதில்லை.

மைதானத்தில் நீ இருப்பதைப் பார்க்கவே எனக்கு விருப்பம். மேலிருந்து மூன்றாவது வரிசை, உட்கார இரும்பு வாங்கு, இஞ்சிப் பிளேன்டீ, வசந்தி சுற்றித் தந்த ரோல்ஸ். சனம் எழும்பிக் கத்தும்போது நீ மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாய்.

“டேய், பந்து அங்கால போயிட்டுது” என்பேன்.

“பந்தைப் பாக்க ஆயிரம் சனம் இருக்கு. நான் முட்டி மறிக்கிற முன்வரிசைக்காரன்ர காலைப் பாக்கிறன். விழுந்தவன் எப்பிடி எழும்புறான் எண்டு பார் மச்சான்.”

பாரம் தூக்கும்போது எல்லோரும் பலசாலிதான் என்பாய். “ஏறேக்கை பாக்காதை. வெறுங்கையோட இறங்கேக்கை பார். அப்ப ஒருத்தனும் நடிக்க மாட்டான்.” எத்தனை பயிற்றுநர்கள் எத்தனை கருவிகளோடு வந்தார்கள். ஒருவர்கூட இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. உன்னை நினைத்து எனக்கு அப்போதெல்லாம் பெருமையாக இருக்கும். வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். உனக்கும் சறுக்கியது, பக்கத்தில் நானும்தான் இருந்தேன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்து எங்கடை பெடியன் ஒருவன் டிராஃப்டுக்கு நின்றான். ரூபன். தமிழ்ப் பெடியன் ஒருவன் அந்தப் பட்டியலில் நிற்பதைக் கண்டதும் எங்கள் இருவருக்கும் தலைகால் தெரியவில்லை. படியையும் காலையும் மறந்துவிட்டு, கலியாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிப்பது போல விசாரித்தோம். கோயிலில் கேட்டோம், அயலில் கேட்டோம், எந்த ஊர், யாருடைய பேரன் என்றெல்லாம் கேட்டோம். கலியாண விசாரிப்பில் எங்கடை சனம் குறை சொல்லுமா? “தங்கமான பெடியன்” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கடைசியாக வீட்டுக்கே போனபோது அவன் தாய் மட்டும் வடை வைத்துக்கொண்டே ஒரு சொல் சொன்னா. “முதுகு நோகுது எண்டு இப்ப நிலத்தில தான் படுக்கிறான்.” நீ என்னைப் பார்த்தாய். நான் வடையைப் பார்த்தேன். நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று இருவரும் பேசாமலே முடிவெடுத்தோம். உடல்நலக் குறை இல்லை என்று நான்தான் தட்டச்சு செய்தேன்.

கழகம் அவனை எடுத்தது. கோயிலில் கேசரி கொடுத்தார்கள். பயிற்சி முகாமின் மூன்றாம் நாள் அவன் முதுகு போய்விட்டது. பிறகு அவன் அந்தப் பந்தைத் தொடவில்லை. இப்போது வேலைக்குப் போகிறான், நன்றாக நடக்கிறான், ஆனால் பூசை முடியும் வரை நிலத்தில் இருக்க அவனால் முடியாது.

அடுத்த கிழமையே நீ அந்த வீட்டுக்குப் போனாய். நான் காரை விட்டு இறங்கவில்லை. கதவு திறந்திருந்தது, நீ சொன்னது எனக்குக் கேட்டது. “எனக்குத் தெரியும் அக்கா. தெரிஞ்சும் எழுதேல்லை. எழுதியிருந்தா முதலே ஒரு டொக்டர் பாத்திருப்பார்.” அவ அழுதா. நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய், திரும்பி வரவில்லை. அவ அழுது முடியும் வரை நின்றாய். அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டாய்: எந்த அறிக்கையும் அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பெடியன் அதை வாசிக்க வேண்டும்.

இனி எமானுவேலுக்கு வருகிறேன். மொன்ட்ரியால்-நோரில் இருந்து எங்களிடம் யூலை வேலைக்கு வந்த ஹெயிட்டிப் பெடியன். முன்வரிசைக்காரன். ஃபிரிட்ஜின் கீழ்ப்பக்கத்துக்கு உன்னோடு சண்டை பிடித்த ஒரே ஆள். படியில் நீ கத்தும் “மெதுவா, மெதுவா” அவனுக்கும் தொற்றி, பிரெஞ்சுக்கு நடுவில் அவனும் “மெதுவா” என்று கத்துவான். அவனைப் பற்றி நீ எழுதியதுபோல் வேறு ஒருவனைப் பற்றியும் எழுதியதில்லை. மூன்று பக்கம். ஆனால் “முழங்கால்” என்று எழுதிய இடத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஒரு வரியையும் வெறுமையாக விடாத மனிதன் நீ. நவம்பரில் உன் நெஞ்சு நின்றபோது அந்த இடம் அப்படியே நின்றுவிட்டது.

மார்ச்சில் தொப்பிக்காரர் கூப்பிட்டார். எமானுவேலை இரண்டாம் சுற்றிலேயே எடுக்கும் எண்ணம், நேசனின் அறிக்கை மட்டும் வேண்டும் என்றார். எனக்குச் சந்தோசம். வெற்று வரியை விட்டுவிட்டு மிச்சத்தைத் தட்டச்சு செய்தால் சரி என்று நினைத்தேன். அதே கிழமைதான் வசந்தி உங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டை விட்டு மகளோடு இருக்கப் போனாள். மூன்றாம் மாடி, நீ திட்டித் திட்டி ஏறிய அதே படி. எமானுவேல் தன் கூட்டாளிகளோடு வந்து நின்றான். ஏறி இறங்கி, ஃபிரிட்ஜையும் இறக்கிவிட்டான். பிறகு எதையோ மறந்து மேலே போனவன் வெறுங்கையோடு இறங்கினான்.

மச்சான், அவன் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினான். ஒரு கை கம்பியில். நான் லொறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்க்காமல் விட்டிருக்கலாம். ஏன் எனக்கு இதைப் பழக்கினாய்?

வசந்தியிடம் சொன்னேன். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“அண்ணை, அந்தப் பெடியன்ர பிழைப்பில மண்ணைப் போடாதேங்கோ. தாயும் அவனும் தான். இவர் எழுதாததை நீங்கள் ஏன் எழுதிறியள்?”

“ரூபனுக்கும் இப்பிடித்தானே பிள்ளை செய்தனாங்கள்.”

அவள் மிச்ச டேப்பையும் ஒட்டி முடித்தாள். பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: “இவர் இருந்தா என்ன செய்வார் எண்டு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறகேன் என்னட்டைக் கேக்கிறியள்?”

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எமானுவேலின் வீட்டுக்குக் கொப்பியோடு போனேன். உன் மூன்று பக்கத்தையும் அவனுக்குப் பிரெஞ்சில் வாசித்தேன். என் பிரெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று நீ சிரிப்பாய். அவன் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். வெற்று இடம் வந்ததும் நிறுத்தினேன். “நீ இறங்கியதைப் பார்த்தேன்” என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் சொன்னது இதுதான். “செப்டெம்பரிலேயே நேசன் கேட்டார். ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். அவர் என்னோடு வாதாடவில்லை. அந்த இடத்தை உனக்காக விட்டு வைக்கிறேன், நீ சொல்லும்போது எழுதுவேன் என்றார். செத்த வீட்டுக்கு வந்து உங்களைக் கண்டபோதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.”

நீ மறக்கவில்லை, காத்திருந்திருக்கிறாய். எனக்கு ஏன் சொல்லவில்லை? மேல்பக்கம் பிடிப்பவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டாயா?

அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், உன் கொப்பியில், உன் எழுத்துக்குப் பக்கத்தில். போன ஓகஸ்டில் இருந்து நோவு, வீக்கம், மாத்திரை, எல்லாம். தட்டச்சு செய்து, அவன் வாசித்த பிறகு அனுப்பினேன். இந்த வேலையில் எவ்வளவு பாரம் உன் பக்கத்தில் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

கழகத்து டொக்டர் பார்த்தார். சவ்வு கிழிந்திருந்தது. சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, இந்தப் பருவம் ஓய்வு. இன்னும் ஒரு வருடம் அப்படியே விளையாடியிருந்தால் கால் உதவாமல் போயிருக்கும் என்றாராம். தொப்பிக்காரர் கூப்பிட்டு, முழங்காலைப் பற்றி எழுதியது யார் என்று கேட்டார். “அவனே சொன்னான்” என்றேன். “ம்” என்று வைத்துவிட்டார்.

நேற்று வசந்தியோடு இருந்து டிராஃப்ட் பார்த்தேன். இரண்டாம் சுற்றில் வேறு பெயர். மூன்று, நான்கு, ஐந்து. வசந்தி எழும்பித் தேத்தண்ணி போட்டாள். மண்ணை நான்தான் போட்டேன் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாம் சுற்றில் அவன் பெயரை வாசித்தார்கள். அடுத்த வருடம் வந்தால் போதும் என்று சொல்லியே எடுத்திருக்கிறார்கள்.

ஐந்து நிமிசத்தில் அவன் கூப்பிட்டான். பின்னால் அவன் தாய் அழும் சத்தமும் சிரிக்கும் சத்தமும் கேட்டது. “ஆறாவது” என்றான். அவனுக்குக் கவலையும் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு, இந்த யூலை பாரம் தூக்க முடியாது, ஆனால் படிக்குக் கீழே நின்று “மெதுவா” என்று கத்த வரட்டுமா என்று கேட்டான். வசந்தி தொலைபேசியை வாங்கி, சாப்பிட மட்டும் வா என்றாள். உன் படத்துக்கு முன்னால் போய் நின்று கன நேரம் அழுதாள். நானும்தான்.

செப்டெம்பரில் நான் மைதானத்துக்குப் போவேன். மேலிருந்து மூன்றாவது வரிசை. பந்தைப் பார்க்க மாட்டேன். ஒருவன் சொல்லத் தயங்கினால் அவனுக்கு இடம் விட்டுக் காத்திருப்பேன். எந்த வரியையும் வடைக்குப் பின்னால் ஒளிக்க மாட்டேன். அதற்கு முன்னால் யூலை முதலாம் திகதி வருகிறது, ரோஸ்மோன்ட்டில் ஒரு மூன்றாம் மாடி. இடுப்பு நோகத்தான் செய்யும். ஆனாலும் இந்த முறை கீழ்ப்பக்கம் நான் பிடிக்கிறேன் மச்சான்.

இருபத்திரண்டு வருடம் மேல்பக்கம் பிடித்த,
உன் மச்சான், வசந்தியின் அண்ணன்
குணம்