தேன்பெட்டிக்கு நான் கொண்டுபோன நோய்

தேங்காய்ப் பொச்சுப் புகை மூக்கில் ஏறினால் உன் இருமலும் சேர்ந்தே நினைவில் வருகிறது. இன்று காலை தேன்பெட்டி திறக்கப் புகை போட்டேன். இருமிக்கொண்டே என்னை ஏசுவதற்கு நீ இல்லை. நீ இறந்துபோய் இரண்டு வருஷம். நேற்று நான் செய்த காரியத்தைக் கேட்டால் நன்றாகவே ஏசுவாய்.

சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு கல்முனையில் எனக்கும் பாண்டிருப்பில் உனக்கும் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். சண்டை முடிந்த வருஷம் உன் தென்னந்தோட்டத்தில் நம் இருவரின் பெட்டிகளும் சேர்ந்து பத்து நின்றன. அதில் உன் பெட்டிகள் மூன்று மெலிந்து கிடந்தன. அகதி முகாமில் நாம் சேர்ந்திருந்து பழகியது ஒன்றுதானே, இருக்கிறவள் இல்லாதவளுக்குக் கொடுப்பது. உன்னைக் கேட்காமலே என் கொழுத்த பெட்டியிலிருந்து ஈக்குஞ்சு வைத்த மரச் சட்டங்களை எடுத்து மூன்றிலும் வைத்தேன். குஞ்சோடு உண்ணியும் போனது எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் என்னுடையதும் சேர்த்து நான்கு பெட்டி வாசலிலும் சிறகு சுருண்ட ஈக்கள் ஊர்ந்தன.

உங்கள் ஊர் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். வந்த தேனீ வளர்ப்பு அதிகாரி விளங்கப்படுத்தினார்: சிறகைச் சுருட்டும் இந்த வைரஸ் தனியே நின்று பெருகாது. உண்ணி கடிக்கும்போது குஞ்சுக்குள் இறங்கி, அந்த உடம்பை வைத்தே தன்னைப் பெருக்கும். உண்ணிக்குள்ளும் பெருகும். அந்த உண்ணி அடுத்த குஞ்சைத் தேடிப் போகும். ஆகவே பத்துப் பெட்டியையும் எரியுங்கள் என்றார்.

"முஸ்லிம் ஆக்கள்ட பெட்டியால வந்த வருத்தம்" என்று நோயின் பழியை எங்கள் மேல் போட்டது பின்னாலிருந்து ஒரு குரல். நீ எழும்பினாய்.

"சட்டம் மாத்தினது நான். என்ட கையால. வருத்தத்தை ஈயிட்டக் கேளுங்க, ஆக்கள்ட சமயத்தைக் கேக்காதீங்க." பிறகு அதிகாரியைப் பார்த்து, "குஞ்சே இல்லாட்டி அது எங்க போய்ப் பெருகும்? பத்தையும் எரிக்க ஏலாது. கடல் எடுத்ததே போதும்" என்றாய்.

வழியில், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "நானெண்டா எனக்கு மட்டும் ஏசுவாங்க. நீயெண்டா உன்ட ஊருக்கே ஏசுவாங்க. பேசாம நட புள்ள."

நோய் கண்ட நான்கையும் எரித்தோம். மற்ற ஆறிலும் நீ சொன்னபடி குஞ்சே இல்லாதிருக்க, இராணியைச் சின்னக் கூட்டில் அடைத்து, சில வாரம் முட்டையிட விடாமல் வைத்திருந்தோம். ஊர் சிரித்தது. ஒரு பெட்டியின் ஈக்கூட்டம் பறந்தோடிப் போனது; ஐந்து பெட்டிகள் பிழைத்தன. ஆனாலும் நோய் பரப்பினவள் என்ற பேர் உன்னை விடவில்லை.

நேற்று அதே வாசிகசாலையில் புதிய பெண்களுக்கு நான்தான் வகுப்பெடுத்தேன். ஒருத்தி உன் பேரைச் சொல்லி, "அந்த மனிசிதானே ஊருக்கெல்லாம் வருத்தத்தைக் குடுத்தது" என்று சிரித்தாள்.

"இல்ல. சட்டம் மாத்தினது நான். கல்முனை முஸ்லிம் பொம்பிள. இப்ப சொல்லுங்க, என்ன சொல்லப் போறீங்க?"

இதுதான் நேற்று நான் செய்த காரியம். ஏசு, நன்றாக ஏசு. உன் பொய்க்குள் இத்தனை வருஷம் ஒளிந்திருந்தது போதும். என் பிழையை இனி நானே சுமப்பேன்.